என்னையும் கேஸ்ல சேத்துக்கச் சொல்லு

திருப்பதியை அடுத்த திருச்சானூரில் நான் வேலை பார்க்கும் லாட்ஜின் ரிசப்ஷனில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நான், இன்னொன்றில் அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவர். லாட்ஜில் எல்லாருக்கும் அவர் அக்காதான், முதலாளிக்கும்கூட. பில், ரிஜிஸ்டர், ஆதார் நகல் எல்லாம் என் பொறுப்பு. போன் அவர் பொறுப்பு.

அந்தப் போன் லேசில் ஓயாது. ரூம் இருக்கிறதா என்று தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நடுநடுவே வேறு விதமான அழைப்புகள் வரும். லோன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா, ரேணிகுண்டா ரோட்டில் பிளாட் வேண்டுமா என்று. நான் எடுத்தால் ஒரே வார்த்தையில் வைத்துவிடுவேன். அந்த ஒரு வார்த்தை சில சமயம் நல்ல வார்த்தையாக இருக்காது. அக்கா அப்படி வைத்து நான் பார்த்ததே இல்லை.

"லோன் வேணாம்மா. மணி ரெண்டாவுது, இன்னும் துன்னலியா நீ? சரி, இங்க நேரத்தப் போக்காத, அடுத்த நம்பரப் போடு" என்பார்.

வந்த புதிதில் ஒருநாள் கேட்டேன்.

"இவங்களுக்கெல்லாம் இன்னாக்கா மரியாத?"

"நானும் அந்தப் பக்கம் ஒக்காந்துக்கினு பேசினவதாம்பா" என்றார்.

அக்காவின் ஊர் புத்தூருக்குப் பக்கத்தில். பல தலைமுறையாக அங்கே பயிர் செய்யும் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. தனியார் வங்கிகள் ஊருக்கு ஊர் கடை விரித்த காலத்தில், இரண்டு மொழியும் தெரிந்த பெண்கள் வேண்டும் என்று சென்னையில் ஆள் எடுத்தார்கள். இன்டர், அதாவது பன்னிரண்டாவது, முடித்த கையோடு அக்கா புத்தூரில் ரயில் ஏறிப் போனார். வாரம் முழுக்க ஹாஸ்டல், ஞாயிற்றுக்கிழமை ஊர். ஒரு நீள ஹாலில் முப்பது பெண்கள், ஆளுக்கொரு ஹெட்போன், எதிரில் ஒரு காகிதம். கிரெடிட் கார்டு விற்க வேண்டும். என்ன பேச வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே லேசாகச் சிரிக்க வேண்டும் என்பதுவரை அந்தக் காகிதத்தில் இருக்குமாம். இரண்டு வருஷம் அந்த வேலை. பிறகு கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்துவிட்டார்.

அதனால் ஒரு அழைப்பு வந்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், "காயிதத்தப் பாத்துப் படிக்கிறான்" என்பார். பிறகு காகிதத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்பார். உங்க ஆபீஸ்ல இருந்து ஜன்னல் வழியா பாத்தா இன்னா தெரியும் என்று கேட்டிருக்கிறார். எதிர்முனை திணறும். அதைக் கேலிக்காகச் செய்யமாட்டார். ஒரு மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பது போல நிதானமாகச் செய்வார்.

எனக்கு அந்த நிதானம் கிடையாது. என் ஊர் குடிபாலா மண்டலத்தில், வேலூர் எல்லையை ஒட்டி. நைனாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் தெருவில் முதலில் டிகிரி வாங்கியவன் நான். சித்தூரில் பி.காம். படித்தேன். அந்தப் படிப்பை நான் கொஞ்சம் அதிகமாகவே தலையில் தூக்கி வைத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

கொரோனா அடங்கி, ஊர் மறுபடியும் யாத்திரிகர்களால் நிறைந்தபோது எங்களுக்கு ஒரு புதுத் தலைவலி வந்தது. இணையத்தில் எங்கள் லாட்ஜின் பெயரும் படமும் போட்டு, கீழே வேறு யாருடைய போன் நம்பரையோ கொடுத்திருந்தார்கள். அந்த நம்பருக்குப் பேசினால் ஒருவன் மரியாதையாக ரூம் புக் செய்து, பணத்தை வாங்கிக்கொண்டு, ரசீது போல ஒரு படத்தையும் அனுப்புவான். ஆட்கள் அதை நம்பிப் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். எங்களிடம் ரூமும் இருக்காது, அவர்கள் பெயரும் இருக்காது.

முதலில் வந்தது கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பம். கணவன், மனைவி, மொட்டை போட வேண்டிய கைக்குழந்தை, குழந்தையின் தாய்மாமன். ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அந்த மனைவி போனை நீட்டி, "ரெண்டு ரூம் போட்டிருக்கோம் சார்" என்றார். நான் பார்த்துவிட்டு, இது எங்கள் நம்பர் இல்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, எங்கள் வாசல் போர்டைக் காட்டி, "இந்த லாட்ஜுதானே இது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "மனக்கு சம்பந்தம் லேதம்மா, நமக்குச் சம்பந்தமில்ல, வேற எங்கயாவது பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் என் பங்குக்கு, அவர்கள் காதில் விழும்படியே, "படிச்சவங்கதானே, ஒரு போன் போட்டு விசாரிக்கக் கூடாதா?" என்றேன். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைக் கணவன் பார்த்த பார்வையில், இதை யார் புக் செய்தது என்பதும் தெரிந்துபோயிற்று.

அக்கா எழுந்து வந்தார். குழந்தையைச் சோபாவில் படுக்கவைக்கச் சொன்னார். அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்ப பேசினீங்க? எப்ப அனுப்புனீங்க? மெசேஜு இருக்குதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நேற்று மாலைதான் அனுப்பியது என்று தெரிந்ததும் சைபர் குற்றங்களுக்கான உதவி எண்ணுக்குத் தானே போன் போட்டு, கேட்டதையெல்லாம் அந்தப் பெண்ணைச் சொல்லவைத்துப் புகாரைப் பதிவு செய்தார். பக்கத்துத் தெருவில் தெரிந்த லாட்ஜில் சொல்லி ரூம் வாங்கிக் கொடுத்தார். அவர்கள் கிளம்பும்போது அந்தக் கணவனிடம், "தினம் இது மாதிரி ஆளுங்க வந்துக்கினுதான் இருக்குறாங்க. உங்க வூட்டம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க, நல்ல காரியத்துக்கு வந்திருக்கறீங்க" என்றார். உண்மையில் அவர்கள்தான் முதலில் வந்தவர்கள்.

அவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, அவங்க காதுல உழுற மாதிரி பேசாத" என்று மட்டும் சொன்னார். நான் ரிஜிஸ்டரைத் திறந்துகொண்டேன். எனக்குத் தப்பாகப் பேசியதாகவே தோன்றவில்லை.

அதற்கடுத்து அக்கா செய்ததுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. செக்-அவுட் நெரிசல் முடிந்து மத்தியானம் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அந்த நேரத்தில் தன் சொந்த போனை எடுத்து அந்தப் பொய் நம்பருக்குப் பேசுவார். ஒருநாள் கோலாரிலிருந்து நாற்பது பேருடன் வரும் அம்மாவாகப் பேசுவார். இன்னொரு நாள் நெல்லூர் ரிட்டயர்டு தாசில்தாரின் மனைவி. மாமனாருக்கு முழங்கால் வலி, லிப்டுக்குள் நாற்காலி போடுவீர்களா என்று கேட்பார். பசும்பால் கிடைக்குமா, ஜன்னல் கிழக்கே பார்க்குமா என்பார். பணம் கட்டுவதற்கான கியூஆர் படத்தை அவன் அனுப்பினால், "கண்ணாடி எங்கியோ வெச்சிட்டேன் நைனா, கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டுப் போனை மேஜைமேல் வைத்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். பத்து நிமிஷம் கழித்து எடுத்தால் அவன் இன்னும் காத்திருப்பான்.

"எதுக்குக்கா இதெல்லாம்? உன் ஒருத்தியால அவன நிறுத்த முடியுமா?" என்றேன்.

"எங்கிட்ட பேசிக்கினு இருக்குற நேரத்துல வேற யாருகிட்டயும் பேச முடியாது இல்ல?" என்றார்.

பேசுவதெல்லாம் ஒரே குரல், அதுவும் இந்த லாட்ஜ் ஆள் என்று இரண்டு வாரத்தில் அவன் கண்டுபிடித்துவிட்டான். லாட்ஜ் போனுக்கே அழைத்து, அக்காவிடம் தெலுங்கில் வாய்க்கு வந்தபடி பேசினான். ரிசீவருக்கு வெளியே எனக்கே கேட்டது. அக்கா குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ரிசீவரை மெதுவாக வைத்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாதிக்குமேல் ஒரே மூச்சில் குடித்தார். இதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானம் வேறு சிம் போட்டு, அனந்தபூர்ப் பக்கத்துத் தெலுங்கில் மறுபடி ரூம் கேட்டார்.

அதோடு நிற்கவில்லை. அந்தப் பொய் நம்பரை எடுக்கச் சொல்லி இணையத்தில் தினமும் ஒரு புகார் போட்டார். எங்கள் உண்மையான நம்பரைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வாசலில் பெரிய போர்டு வைக்க முதலாளியைச் சம்மதிக்க வைத்தார். ஒரு மாதம் போல ஆனது. நம்பரை எடுத்தார்கள். சில நாளில் வேறொரு நம்பர் முளைத்தது. அக்கா அதையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை. என் மனைவியும் மகளும் குடிபாலாவில் மச்சினன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தார்கள். எனக்கு இரண்டு மணிக்கு டூட்டி. காலை பத்து மணி இருக்கும். ஒரு போன் வந்தது. உங்கள் பெயரில் அனுப்பப்பட்ட பார்சல் நிறுத்தப்பட்டுள்ளது, விவரத்துக்கு ஒன்பதை அழுத்தவும் என்றது ஒரு பெண் குரல். நான் பார்சலே அனுப்பவில்லை. அதைச் சொல்லத்தான் ஒன்பதை அழுத்தினேன்.

ஒரு ஆள் ஆங்கிலமும் தெலுங்குமாகப் பேசினான். என் ஆதார் எண்ணைச் சொன்னான், சரியாக இருந்தது. குவைத்துக்குப் போகும் பார்சல், உள்ளே போதைப்பொருள் என்றான். பிறகு என் தம்பியின் பெயரைச் சொன்னான். அவன் பாஸ்போர்ட் எண்ணையும் சொன்னான்.

என் தம்பி குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர். போய்ப் பன்னிரண்டு வருஷம். அவன் அனுப்பியதில்தான் நைனாவுக்கு ஊரில் இரண்டு ஏக்கர் சொந்தமாக வந்தது. கூலிக்குப் போன அதே ஏரிக்கரையில் இப்போது எங்கள் நெல் நிற்கிறது. மூன்று வருஷமாக ஊருக்கு வராதவன் அடுத்த மாதம் வருவதாக இருந்தான். அவன் விமானத்தை விட்டு இறங்கியதும் கைது செய்வோம், அல்லது அங்கேயே தகவல் கொடுப்போம் என்றான் போனில் பேசியவன். அந்த ஊர்ச் சட்டம் எப்படி என்று நாங்கள் கேள்விப்பட்டதெல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது.

பிறகு வீடியோ கால். காக்கிச் சட்டை, பின்னால் கொடி, சுவரில் முத்திரை. வடக்கே ஒரு பெரிய நகரத்துப் போலீஸ் அதிகாரி என்றான். நீ இப்போது வீட்டிலேயே காவலில் இருக்கிறாய், கால் கட் ஆகக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்றான். நான் எழுந்து நின்று சார் சார் என்று பேசினேன். வீட்டைக் காட்டு என்றான். போனைச் சுற்றித் திருப்பிக் கட்டிலையும் அடுப்பையும் மகளின் புத்தகப் பையையும் காட்டினேன். இதை எழுதும்போதும் என்னைக் கூசவைப்பது அதுதான். என் வீட்டை நானே அவனுக்குத் திறந்து காட்டினேன்.

விசாரணை முடியும்வரை பணத்தை அரசாங்கக் கணக்கில் வைக்க வேண்டும் என்றான். மகளின் காலேஜுக்கு என்று சேர்த்திருந்ததை அனுப்பினேன். போதாது, நகையை வைத்துக் கொடு, போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கால் கட் ஆகாமல் பேங்குக்குப் போ என்றான். பீரோவைத் திறந்து மனைவியின் செயின் இருந்த டப்பாவை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன்.

இதற்குள் இரண்டு மணி தாண்டியிருந்தது. அக்காவின் நம்பர் திரையில் வந்து வந்து போயிற்று. யார் என்று கேட்டான், சொன்னேன். வேலை பார்க்கும் இடம்தானே, உடம்பு சரியில்லை என்று மெசேஜ் அனுப்பு என்றான். என்ன எழுத வேண்டும் என்று அவனே ஆங்கிலத்தில் சொன்னான். அப்படியே அனுப்பினேன்.

அதுதான் என்னைக் காப்பாற்றியது. நான் அக்காவுக்கு ஒருநாளும் ஆங்கிலத்தில் எழுதியதில்லை. தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பேன், அக்கா என்று தொடங்குவேன். மெசேஜைப் பார்த்ததும், லாட்ஜைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவிடம் ரிசப்ஷனை ஒப்படைத்துவிட்டு அக்கா ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"தம்பி, நான்தான். தெற."

போனில் இருந்தவன் குரலைத் தாழ்த்தினான். பதில் சொல்லாதே, யார் உள்ளே வந்தாலும் அவர்களும் வழக்கில் சேர்க்கப்படுவார்கள் என்றான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உள்ளதான் இருக்கற. செருப்பு வெளிய கெடக்குது" என்றார் அக்கா. கொஞ்சம் பொறுத்து, "போன்ல யாரோ இருக்குறாங்க, இல்ல?" என்றார்.

எனக்கு அக்காவின் இரண்டு பெண்கள் ஞாபகம் வந்தார்கள். பெரியவள் அப்போதுதான் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கதவருகே போய், "போயிடுக்கா. இது உனுக்கு வேணாம். உன்னயும் கேஸ்ல சேத்துடுவாங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

வெளியே சத்தமில்லை. போய்விட்டார் என்று நினைத்தேன். பிறகு படியில் யாரோ உட்காரும் சத்தமும், பையைக் கீழே வைக்கும் சத்தமும் கேட்டன.

"என்னயும் சேத்துக்கச் சொல்லு" என்றார் அக்கா, நிதானமாக, ஆனால் போனில் கேட்கும்படி. "எம் பேரு, ஊரு, வூட்டுக்காரரு பேரு எல்லாம் சொல்றேன், எழுதிக்கச் சொல்லு. நீ ஒண்டியா கேஸ்ல இருக்க வேணாம். ரெண்டு பேரா இருப்போம். நான் இங்கியே ஒக்காந்துக்கினு இருக்கறேன்."

தன் பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். "எழுதிக்கினாரா?" என்று கேட்டார்.

போனில் இருந்தவன் சட்டென்று ஒன்றும் சொல்லவில்லை. காலையிலிருந்து நான்கு மணி நேரமாக, நான் எதைச் சொன்னாலும் அடுத்த நொடி அவனிடம் பதில் இருந்தது. இப்போது இல்லை. கண்ணைத் தாழ்த்தி எதையோ பார்த்தான். பிறகு, இது தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வழக்கு என்று தொடங்கினான். காலையில் சொன்ன அதே வாக்கியம், அதே இடத்தில் அதே இழுப்பு.

அவன் படிக்கிறான் என்று அப்போதுதான் எனக்குக் கேட்டது. நான் கதவைத் திறந்தேன்.

அக்கா போனைப் பிடுங்கவில்லை. கையை நீட்டி, "குடு" என்றார். வாங்கிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு திரையைப் பார்த்தார். தெலுங்கில், "நமஸ்காரமண்டி. இவர் இனிமேல் பேசமாட்டார், நானும் பேசப் போவதில்லை. உங்களுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் இதையே பேசுவது இங்கே கேட்கிறது" என்றார். அவன் உரக்கக் கத்தத் தொடங்கினான். அக்கா அணைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அழுவதற்கோ விளக்கம் சொல்வதற்கோ அவர் எனக்கு நேரம் கொடுக்கவில்லை. உதவி எண்ணுக்குப் போன் போட்டு, தம்பியின் பெயரைச் சொல்லி மிரட்டியதுவரை என்னைச் சொல்லவைத்தார். பணம் போன மெசேஜில் இருந்த எண்களைப் படிக்கச் சொன்னார். எனக்கு எழுத்துகள் நிலையாக நிற்கவில்லை. அவரே வாங்கிப் படித்தார். பேங்குக்குப் பேசிக் கணக்கை நிறுத்தினார். எல்லாம் முடிந்ததும், "இப்ப உன் தம்பிக்கு போன் போடு" என்றார்.

"அவனுக்கு இன்னான்னு சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். குரலக் கேளு."

குவைத்தில் மணி அடித்தது. எடுத்ததும் ஹாரன் சத்தம். "சொல்லுண்ணா, சிக்னல்ல நிக்கிறேன்" என்றான் தம்பி. "ஒண்ணுமில்லடா. துன்னியா?" என்றேன். "இன்னும் இல்ல, மேடத்த எறக்கி உட்டுட்டுதான் துன்னணும். இன்னா, குரலு ஒரு மாதிரி இருக்குது?" என்றான். சளி என்றேன். போனை வைத்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய், பால் எங்கே என்று என்னைக் கேட்காமல் தானே தேடி டீ போட்டார்.

டீ குடிக்கும்போது நான் சொன்ன முதல் வார்த்தை, இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. "நான் பி.காம். படிச்சவன்க்கா" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். சென்னை ஆபீஸில் இருந்தபோது வேலூரில் ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியாருக்குப் பேசியிருக்கிறார். கார்டு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், நடுவில், உன் குரல் என் பெண்ணின் குரல் மாதிரி இருக்கிறது அம்மா என்றாராம். அப்படி யாராவது சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்பதும் காகிதத்தில் இருந்தது. அக்கா அதைச் செய்தார். அன்று பேச்சு முழுக்க அவரை அப்பா என்று கூப்பிட்டார். அவர் கார்டு வாங்கினார்.

"நாலஞ்சு மாசம் கழிச்சு ஆபீசுக்கே போன் பண்ணாரு. வட்டி ஏறிக்கினே போவுது, அந்தப் பொண்ணக் கூப்புடுங்கன்னாரு. அப்படி யாரும் இங்க இல்லன்னு சூப்பர்வைசரு சொன்னாரு. நான் ரெண்டு சீட்டு தள்ளி ஒக்காந்துக்கினு இருந்தேன்" என்றார் அக்கா. "அந்த வாரமே வேலய உட்டேன். அவரு கணக்கு வாத்தியாரு தம்பி. முட்டாளு இல்ல."

கள்ளக்குறிச்சிப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அக்காவிடம் சொன்னேன். "தெரியும்" என்றார்.

அன்று மாலை ஸ்டேஷனுக்கும் கூடவே வந்தார். அங்கே எழுதி வாங்கிய காவலர் பொறுமையானவர். எங்களுக்கு முன்னால் ஒரு காலேஜ் பேராசிரியர் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் மனைவிக்குப் போன் செய்ய எடுத்தேன். அக்கா தடுத்தார். "போன்ல சொல்லாத. பஸ் இருக்குது, நேர்ல போயி சொல்லு. டூட்டிய நான் பாத்துக்கறேன்."

சித்தூர் போய் அங்கிருந்து பஸ் மாறிக் குடிபாலா போய்ச் சேர்ந்தேன். மச்சினன் வீட்டில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். செயின் டப்பாவைக் கட்டிலில் எடுத்து வைத்ததையும் சொன்னேன். அவளுக்குக் கோபம் இருந்தது, அது நியாயமும்கூட. கடைசியில் அவள் கேட்டது இதுதான்.

"அந்தக்கா டூட்டிய பாதியில உட்டுட்டா வந்தாங்க?"

"ஆமா."

"முதலாளி திட்டியிருப்பாரே."

திட்டியிருந்தார். கூட்ட நேரத்தில் எங்கே போனாய் என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறார். தலைவலி, மாத்திரை வாங்கப் போனேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அது எனக்கு வெகுநாள் கழித்து, கூட்டிப் பெருக்கும் அம்மா சொல்லித்தான் தெரியும். அன்று என் வீட்டில் நடந்ததை லாட்ஜில் யாரிடமும் அக்கா சொல்லவில்லை, இன்றுவரை. போன பணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் சில மாதம் கழித்துத் திரும்பி வந்தது. தம்பி சொன்னபடியே அடுத்த மாதம் வந்து, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனான். அவனிடம் நானே சொன்னேன். "எம் பாஸ்போர்ட் நம்பரயே சொன்னா நானா இருந்தாலும் பயந்துதான் இருப்பேண்ணா" என்றான்.

பணத்தைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு. திங்கட்கிழமை டூட்டிக்குப் போனேன். கவுண்டரில் போன் அடித்தது. எடுக்க எனக்குக் கை வரவில்லை. அக்கா எழுந்து பாத்ரூம் பக்கம் போனால், அவர் வருவதற்குள் அடித்துவிடுமோ என்று நான் வாசலுக்குப் போய் நின்றுகொள்வேன். என் சொந்த போனைச் சத்தமில்லாமல் செய்து மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டேன். அக்கா எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் வந்து பார்த்தால், போனை மேஜையின் அந்தக் கோடிக்கு, தன் வலது கைப் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார். ரிசீவர் ஒயர் தன் நாற்காலிவரை எட்டவில்லை என்பதால் நாற்காலியையும் அங்கே நகர்த்தியிருந்தார். அங்கே மின்விசிறிக் காற்று வராது. பத்துப் பதினைந்து நாள் அவர் அங்கேயே, முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த நாட்களில் ஒரு குடும்பம், ஓசூரிலிருந்து, பொய் ரசீதோடு வந்து நின்றது. பெரியவர் ஒருவர் போனை நீட்டினார். அக்கா மாடியில் இருந்தார். நான் அவரை உட்காரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது அனுப்பினீர்கள் என்று கேட்டேன். அவர், "நான்தாங்க புக் பண்ணேன், புத்தி கெட்டுப்போச்சு" என்றார். "எனக்கும் ஆச்சுங்க" என்றேன். வெளியாள் ஒருவரிடம் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு விவரங்களை நிதானமாகச் சொல்லத் தொடங்கினார்.

அதற்கு மறுநாளோ அடுத்த நாளோ, அக்கா சாப்பிட உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் ரசம் சோறு. போன் அடித்தது. அக்கா எழ முயன்றார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அந்தக் கோடிவரை நடந்து போய் எடுத்தேன். அது வெளி அழைப்பில்லை, இருநூற்று நாலாம் ரூம். வெந்நீர் எத்தனை மணிவரை வரும் என்று ஒரு அம்மா கன்னடத்தில் கேட்டார். ஒன்பதுவரை வரும் என்றேன். வைத்துவிட்டுத் திரும்பினேன். அக்கா தலை குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"யாரு?" என்றார்.

"வெந்நி கேக்குறாங்க."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்கா."

"சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தார். மறுநாள் காலை நான் போனபோது, போன் பழைய இடத்தில், இரண்டு நாற்காலிக்கும் நடுவில் இருந்தது.